கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்-ஐ நம்பிப் புதுக் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாமா?

கேள்வி இதுதான். 2019-ல் அசெம்பிள் செய்த கணினி. ரைசன் 5 2600 சிபியு, பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கார்டு, கேபினெட் வாங்கியபோது கூடவே வந்த ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ் (கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி). சில மாதங்களாகப் பெரிய கேம் ஆடும்போது கணினி பட்டென்று அணைந்து, தானே மறுபடி கிளம்பியது. இப்போது ஃபேன் சுற்றுகிறது, திரையில் படம் வரவில்லை. மானிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ். ஆடுவது வலரன்ட், எல்டன் ரிங், சைபர்பங்க் 2077. கையில் 45,000 ரூபாய். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8 ஜிபி வாங்கிவிட்டு, 2,000 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு ‘600 வாட்’ எஸ்எம்பிஎஸ்-ஐப் போட்டால் போதுமா?

போதாது. எஸ்எம்பிஎஸ்-ஐக் கண்டிப்பாக மாற்றிக்கொள்ளச் சொல்வேன். கார்டையும் வேறாகத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இரண்டுக்கும் காரணம் உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கிறது.

பணம் கொடுப்பதற்கு முன்னால், செத்தது கார்டுதானா என்று உறுதி செய்யுங்கள். ரைசன் 5 2600-க்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. அதனால் மதர்போர்டின் பின்னால் இருக்கும் எச்டிஎம்ஐ துளையில் கேபிளைச் செருகிப் பார்த்து, ‘இதிலும் வரவில்லை, அப்படியென்றால் போர்டு போய்விட்டது’ என்ற முடிவுக்கு வராதீர்கள். அந்தத் துளை இந்தச் சிப்போடு ஒருபோதும் வேலை செய்யாது. கார்டைக் கழற்றி, பொன்னிற முனைகளைத் துடைத்து, 6 பின் கேபிளை அழுத்திச் செருகி ஒருமுறை பாருங்கள். ரேமையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் உங்கள் 1060-ஐ நண்பர் கணினியிலோ கடையிலோ போட்டுச் சோதியுங்கள். நண்பருடைய நல்ல கார்டை வாங்கிவந்து உங்கள் எஸ்எம்பிஎஸ்-இல் மாட்டாதீர்கள். இப்போதைக்கு உங்கள் கணினியில் எனக்குச் சந்தேகம் அதிகம் எஸ்எம்பிஎஸ் மேல்தான்.

ஏன் என்றால், கணினி அணைவது, படம் வராதது என நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகளும் ஒரே வகை அல்ல. படத்தில் கட்டம் கட்டமாக நிறம் சிதறுவது, கோடு விழுவது, டிரைவர் நின்றுபோவது எல்லாம் பெரும்பாலும் கார்டின் நோய். சுமை ஏறும்போது மொத்தக் கணினியும் ஒரு நொடியில் அணைவது பெரும்பாலும் மின்சாரம் கொடுக்கும் பக்கத்தின் நோய். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று ஒரு பதிவு இருக்கும். பலர் அதை எஸ்எம்பிஎஸ் பழுதுக்குச் சான்று என்று காட்டுவார்கள். அது ‘முறையாக அணைக்கப்படவில்லை’ என்பதை மட்டும்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்லாது.

கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். ஜிடிஎக்ஸ் 1060 எடுப்பது 120 வாட். ரைசன் 5 2600 முழுச் சுமையில் 88 வாட் வரை போகலாம். போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக 50 வாட் வையுங்கள். மொத்தம் 260 வாட்கூட இல்லை. உண்மையான 450 வாட் எஸ்எம்பிஎஸ்-க்கு இது பாதிக்குச் சற்று மேலான சுமை. அதற்கே அது அணைந்திருக்கிறது என்றால், ஒன்று அது தேய்ந்துவிட்டது, அல்லது முதல் நாளிலிருந்தே 450 வாட் அல்ல.

இரண்டாவது நடக்கக்கூடியதா என்றால், கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்-களில் சாதாரணமாக நடப்பது. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் வாட் எண்ணை விட்டுவிட்டு, +12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இன்றைய கணினியில் சிபியு, கிராஃபிக்ஸ் கார்டு இரண்டுமே இந்த 12 வோல்ட் வழியில்தான் ஓடுகின்றன. அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஆல் பெருக்குங்கள், 216 வாட்தான். மீதி ‘வாட்’ எல்லாம் 3.3 வோல்ட், 5 வோல்ட் வழிகளில் இருக்கும், உங்கள் கார்டுக்கு அதனால் பயன் இல்லை. சிலவற்றில் 12 வோல்ட் இரண்டு கட்டங்களாகப் பிரித்துப் போட்டிருக்கும். அந்த இரண்டு எண்களையும் அப்படியே கூட்டாதீர்கள். ‘கம்பைன்ட்’ என்று கீழே தனியாக ஒரு வாட் கணக்கு இருக்கும், அதுதான் உண்மையான எல்லை. நல்ல 650 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றில் 12 வோல்ட் வழி மட்டுமே 54 ஆம்பியர் அளவுக்கு இருக்கும், அதாவது 648 வாட். 2,000 ரூபாய் ‘600 வாட்’ பெட்டியின் ஸ்டிக்கரையும் கடையில் இதே கண்ணோடு பாருங்கள். அதற்குப் பிறகு நான் மேலே எதுவும் சொல்லத் தேவை இருக்காது.

எஸ்எம்பிஎஸ் எப்படிக் கெடுகிறது என்பதும் முக்கியம். நல்ல எஸ்எம்பிஎஸ் தன் எல்லையைத் தாண்டினால் தானே அணைந்து, மற்ற பாகங்களைக் காப்பாற்றும். அதிக மின்னோட்டம், அதிக மின்னழுத்தம், குறுக்குச் சுற்று, அதிக வெப்பம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாதுகாப்பு உண்டு. மலிவுப் பெட்டியில் முதலில் வெட்டப்படுவது இவைதான். அது சாகும்போது போர்டையோ கார்டையோ டிஸ்கையோ சேர்த்துக்கொண்டு போகலாம். டிஸ்கில் உங்கள் குடும்பப் படங்கள் இருந்தால், அந்த நஷ்டத்துக்கு எந்த வாரண்டியும் கிடையாது.

80 பிளஸ் சான்று பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பிரான்ஸ் (வெண்கலம்), கோல்ட் (தங்கம்) என்பது சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்ற அளவு. பாதுகாப்புக்குக் கொடுத்த மதிப்பெண் அல்ல. 2021-ல் ஜிகாபைட்டின் பி750ஜிஎம், பி850ஜிஎம் என்ற இரண்டு மாடல்கள் 80 பிளஸ் கோல்ட் சான்றோடுதான் விற்பனையில் இருந்தன. சோதனைகளில் அவை வெடித்துச் செயலிழந்ததாகச் செய்தி வந்தபின், அந்த ஆகஸ்டில் நிறுவனம் அதிகச்சுமைப் பாதுகாப்பு இயங்கும் எல்லையைக் குறைத்தது, குறிப்பிட்ட சீரியல் எண்கள் கொண்டவற்றை மாற்றித் தரவும் முன்வந்தது. ஆகவே சான்று இல்லாததை ஒதுக்குங்கள், ஆனால் சான்று இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். நான் முதலில் பார்ப்பது வாரண்டி ஆண்டுகளை. 5 ஆண்டு வாரண்டி கொடுக்கும் நிறுவனம் உள்ளே போட்ட கெப்பாசிட்டர்களை ஓரளவு நம்புகிறது என்று பொருள். அப்புறம், அந்தக் குறிப்பிட்ட மாடலை யாராவது கருவி வைத்து முழுச் சுமையில் சோதித்து எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். நிறுவனப் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், ஒரே நிறுவனம் நல்லதும் சுமாரானதும் விற்கிறது.

எத்தனை வாட் வேண்டும்? நான் சொல்லப்போகும் கார்டோடு உங்கள் கணினி முழுச் சுமையில் சுமார் 300 வாட் எடுக்கும். உண்மையான 550 வாட் தாராளமாகப் போதும். ஆனாலும் 650 வாட் வாங்குங்கள் என்பேன். விலை வித்தியாசம் சிறியது. நாளை சிபியு மாற்றினாலும், மூன்று நான்கு ஆண்டு கழித்து 220, 250 வாட் கார்டு வாங்கினாலும் இதே எஸ்எம்பிஎஸ் ஈடுகொடுக்கும். இன்னொரு காரணமும் உண்டு. கிராஃபிக்ஸ் கார்டுகள் நொடியின் மிகச் சிறு பகுதியில் தங்கள் சராசரியைவிட வெகு அதிகமாக இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 3080, 3090 வந்த காலத்தில் கணக்குப்படி போதுமான எஸ்எம்பிஎஸ்-கள்கூட இந்தத் துள்ளலால் அணைந்தன. அதனால்தான் 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, புதுவகை 12 வோல்ட் கனெக்டர் உள்ள எஸ்எம்பிஎஸ்-கள் தங்கள் அளவைப்போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்று கேட்கிறது. 160 வாட் கார்டுக்கு இந்த விதி கட்டாயம் இல்லை. ஒரே விலையில் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கவலை வேண்டாம். 850 வாட், 1000 வாட் என்று கடைக்காரர் ஏற்றிச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கையில் இருக்கும் பணத்தில் எட்டில் ஒரு பங்கிலிருந்து ஆறில் ஒரு பங்குவரை எஸ்எம்பிஎஸ்-க்கு ஒதுக்குங்கள். கார்டை நான்கைந்து ஆண்டில் மாற்றுவீர்கள், நல்ல எஸ்எம்பிஎஸ் இரண்டு கார்டுகளின் ஆயுளைப் பார்க்கும்.

இனி கார்டு. 5060 டிஐ 8 ஜிபி மோசமான சிப் அல்ல, வேகமானதுதான். ஆனால் உங்கள் போர்டோடு அது சரியாகச் சேராது. கார்டுக்கும் கணினிக்கும் இடையே தரவு போகும் பாதை பி450 போர்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 தலைமுறை. அந்தப் பாதையின் ஒரு லேனுக்கு (தடத்துக்கு) ஏறக்குறைய நொடிக்கு 1 ஜிபி போகும். 5060, 5060 டிஐ இரண்டும் கார்டு நீளமாக இருந்தாலும் மின்னிணைப்பில் 8 லேன் மட்டுமே வைத்தவை. புதிய போர்டில் 5.0 வேகத்தில் ஓடுவதால் 8 லேனே போதுமானது. உங்கள் போர்டில் அதே 8 லேன் 3.0 வேகத்தில், நொடிக்கு சுமார் 8 ஜிபி.

கேம் கார்டின் சொந்த மெமரிக்குள் அடங்கியிருக்கும்வரை இந்தப் பாதை குறுகியதா அகலமா என்பது பெரிதாகத் தெரியாது. மெமரி நிரம்பியதும்தான் சிக்கல். இடம் போதாத டெக்ஸ்சர்கள் (காட்சியின் பரப்புகளில் ஒட்டும் படங்கள்) கணினியின் ரேமில் போய் உட்காரும், அங்கிருந்து ஒவ்வொரு தடவையும் இந்தப் பாதை வழியாக வந்துபோக வேண்டும். சராசரி ஃபிரேம் எண் நன்றாகவே காட்டும், ஆனால் திரும்பும்போது ஒரு உதறல், புது இடத்துக்குள் நுழையும்போது ஒரு தேக்கம். 8 ஜிபி மெமரி, 8 லேன், 3.0 போர்டு மூன்றும் சேர்வதுதான் இருப்பதிலேயே பாதகமான கூட்டு. நீங்கள் எழுதியிருப்பது சரியாக அதுதான். இதே சிக்கலின் கடுமையான வடிவத்தை 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி காட்டியது. 4 ஜிபி மெமரி, 4 லேன். பழைய போர்டு வைத்திருந்தவர்கள் வாங்கக்கூடிய மலிவுக் கார்டு, பழைய போர்டில்தான் அதிகம் தடுமாறியது.

என் தேர்வு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி. 2025 ஜூனில் வந்தது. இதில் முழு 16 லேன் இருப்பதால் உங்கள் போர்டில் 5060 டிஐ-க்குக் கிடைப்பதைப்போல் இரண்டு மடங்கு அகலமான பாதை கிடைக்கும். 16 ஜிபி மெமரி இருப்பதால் அந்தப் பாதையை நாட வேண்டிய தேவையே அரிது. 160 வாட். பெரும்பாலான மாடல்களுக்கு ஒரே ஒரு 8 பின் கேபிள் போதும், உருகும் கனெக்டர் என்று ஆர்டிஎக்ஸ் 4090 காலத்திலிருந்து பேசப்படும் கவலை இங்கே இல்லை. அமெரிக்க அறிவிப்பு விலையில் இது 349 டாலர், 5060 டிஐ 8 ஜிபி 379 டாலர், அதன் 16 ஜிபி 429 டாலர். இங்கே கடை விலை அதே வரிசையில் இருக்கும் என்று சொல்ல முடியாது, வாங்கும் வாரத்தில் சென்னை ரிச்சி தெருவில் இரண்டு மூன்று கடையிலும் ஆன்லைனிலும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 16 ஜிபி பட்ஜெட்டைத் தாண்டினால் இதே கார்டின் 8 ஜிபி மாடல். மெமரி குறைந்தாலும் 16 லேன் இருக்கிறது, உங்கள் போர்டில் அது 8 லேன் கார்டைவிட நிதானமாக இருக்கும்.

என்விடியாதான் வேண்டும் என்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. பிளெண்டரில் ரெண்டர் செய்கிறீர்கள், என்விடியா கார்டுகளுக்கே உரிய ‘கூடா’ (CUDA) தேவைப்படும் மென்பொருள் வைத்திருக்கிறீர்கள் என்றால் 5060 டிஐ 16 ஜிபி-க்குச் சேர்த்து வையுங்கள். வெறும் கேமுக்கு என்றால் அந்தக் கூடுதல் பணம் தேவையில்லை. குறைந்த தெளிவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கி வேகம் கூட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இல்லையே என்ற குறையை, 9000 வரிசையில் வந்த ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 பெருமளவு தீர்த்துவிட்டது.

இன்டெலின் ஆர்க் பி580-ஐ யாராவது பரிந்துரைக்கலாம். 12 ஜிபி, விலையும் குறைவு. உங்களுக்கு வேண்டாம். கார்டின் மெமரி முழுவதையும் சிபியு ஒரே நேரத்தில் அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாமல் அது சரியாக ஓடாது. ஏஎம்டி அதை ரைசன் 3000-லிருந்துதான் அதிகாரபூர்வமாகக் கொடுக்கிறது, உங்களுடையது 2600. பழைய சிபியுவோடு அந்தக் கார்டின் டிரைவர் கூடுதல் சுமை வைப்பதும் பலரும் சோதித்துக் காட்டிய விஷயம்.

1060-ஐ சர்வீஸ் செய்து ஓட்டலாமா என்று யோசித்தால், சிப்பைச் சூடாக்கி ஒட்டித் தரும் வேலைக்குப் பணம் கொடுக்காதீர்கள். அந்தக் கார்டுக்கான வழக்கமான கேம் டிரைவர்கள் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டன, இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். ஒளியின் பாதையைக் கணக்கிட்டுக் காட்சி வரையும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாமல் தொடங்கவே தொடங்காத கேம்களும் வர ஆரம்பித்துவிட்டன. பழைய கார்டு வாங்குவதும் இந்த பட்ஜெட்டில் தேவையற்றது. அப்படியே வாங்கினாலும் பில், மீதி வாரண்டி இல்லாமல் வாங்காதீர்கள், எதிரிலேயே கணினியில் மாட்டி, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டு, பெட்டியில் எழுதிய சிப்தான் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். கார்டின் பயாஸை (உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதி, சாதாரணச் சிப்பை உயர்ந்த மாடல்போலக் காட்டி விற்பது நம் ஊரிலும் உண்டு.

உங்கள் எதிர்பார்ப்பு பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். வலரன்டில் ஃபிரேம் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது சிபியு. புதுக் கார்டு போட்டதும் அங்கே பெரிய தாவல் இருக்காது. எல்டன் ரிங் 60 ஃபிரேமில் பூட்டப்பட்டது, அதில் காட்சித் தரம் ஏறும், வேகம் ஏறாது. உண்மையான மாற்றம் சைபர்பங்க் மாதிரி கேம்களில்தான் தெரியும். அங்கேயும் நகரத்தின் நெரிசலான பகுதிகளில் 2600 மூச்சுத் திணறும். அடுத்து பணம் சேரும்போது போர்டின் பயாஸைப் புதுப்பித்துவிட்டு ரைசன் 5 5600 அல்லது 5700எக்ஸ் போடுங்கள். போர்டு, ரேம் மாற்ற வேண்டியதில்லை, ரீசைசபிள் பாரும் அப்போது கிடைத்துவிடும். பயாஸ் புதுப்பிப்பை 2600 உள்ளே இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பழைய பயாஸ் புதுச் சிப்பை அடையாளம் காணாது.

யுபிஎஸ் வைத்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. மின்வெட்டு வரும் ஊர் என்றால் இதையும் பாருங்கள். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் கொடுப்பது 360 வாட் அளவுதான். உங்கள் புதுக் கணினி உள்ளே 300 வாட் எடுத்தால், எஸ்எம்பிஎஸ்-இன் இழப்பையும் சேர்த்துச் சுவரிலிருந்து 350 வாட் இழுக்கும். மானிட்டரையும் சேர்த்தால் 380. கேம் நடுவே கரண்ட் போனால் யுபிஎஸ்-உம் சேர்ந்து விழும், நீங்கள் புது எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகப்படுவீர்கள். 1000 விஏ அல்லது அதற்கு மேல் வேண்டும். இன்னொன்று, நல்ல எஸ்எம்பிஎஸ்-களில் இருக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்னோட்டத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று), சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டர்களோடு சில நேரம் ஒத்துப்போகாது. முடிந்தால் சைன் அலை தருவதாகப் பாருங்கள். பிளக் பாயின்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை சோதித்துவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருந்தால் எர்த் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

வாங்கும் முன் கேபினெட்டுக்குள் ஸ்கேல் வைத்து அளக்கவும். பின்பக்கத் தகட்டிலிருந்து முன் ஃபேன்வரை எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று ஃபேன் மாடல்கள் 300 மில்லிமீட்டரைத் தொடும், உங்களுக்கு இரண்டு ஃபேன் மாடலே போதும்.

மாட்டும்போது ஒரே ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். புது எஸ்எம்பிஎஸ் மாடுலர் வகையாக, அதாவது கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடியதாக இருந்தால், அதன் பெட்டியில் வந்த கேபிள்களை மட்டும் பயன்படுத்துங்கள். கார்டு பக்கம் இருக்கும் முனை எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கம் இருக்கும் முனைக்குப் பொதுவான விதி இல்லை. வேறொரு எஸ்எம்பிஎஸ்-இன் கேபிள் அழகாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போய் டிஸ்க் ஒரு நொடியில் எரியலாம். அதேபோல் பழைய 4 பின் மோலெக்ஸ் கனெக்டரிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் மலிவு அடாப்டரைத் தொடாதீர்கள். 8 பின் ஒன்று 150 வாட் வரை கொண்டுபோக வேண்டியது, அதற்கு எஸ்எம்பிஎஸ்-இலிருந்தே கேபிள் வர வேண்டும்.

என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கு மாறுவதால், கணினி புதுக் கார்டில் கிளம்பியதும் டிடியு மென்பொருளை சேஃப் மோடில் ஓட்டிப் பழைய டிரைவரை நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள். மானிட்டரை டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் இணைத்து, விண்டோஸ் அமைப்பில் 144 ஹெர்ட்ஸ் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு மணி நேரம் சைபர்பங்கையே ஓட்டி, கார்டின் வெப்பத்தையும் 12 வோல்ட் அளவையும் எச்டபிள்யு இன்ஃபோ மென்பொருளில் கவனியுங்கள். 11.4-க்கும் 12.6-க்கும் இடையே இருக்க வேண்டும் என்பது நெடுநாளைய ஏடிஎக்ஸ் விதி, நல்ல எஸ்எம்பிஎஸ் 12-ஐ ஒட்டியே நிற்கும். மென்பொருள் காட்டும் எண் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், சுமை ஏறும்போது அது எவ்வளவு இறங்குகிறது என்பதையே பாருங்கள். கணினி மறுபடி பட்டென்று அணைந்தால் கார்டையும் எஸ்எம்பிஎஸ்-ஐயும் பெட்டி, பில்லோடு மாற்றும் கெடு முடிவதற்குள் கடைக்கு எடுத்துப் போங்கள். அதனால் அந்த ஒரு மணி நேரச் சோதனையை வாங்கிய அன்றே செய்துவிடுங்கள்.